ஆட்காட்டி

அறுபத்திரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை.
காலை ஏழு பத்துக்குப் பள்ளிப் பேருந்தை எடுத்தால்
எதிரே வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.
எண்ணத்தான் வேண்டும்.
ஆளுக்கு ஒரு விரல் இங்கே கணக்கு,
ஸ்டியரிங்கிலிருந்து கை எடுக்காமல்.

ஓர் அங்குலம் எழுந்தால் போதும்.
முழுக்கையையும் ஆட்டினால் அடிலெய்டுக்காரன்;
பதிலுக்கு ஆட்டிவிடாதே, நிறுத்தி வழி கேட்பான்.
உள்ளங்கை காற்றை அமுக்கினால்
வளைவுக்கு அப்பால் போலீஸ்,
இல்லையென்றால் மாடு.
மவ்ரீன் ஷில்லிங் மட்டும் தாடையைத் தூக்குவாள்.
இரண்டு கையிலும் பின்னல் ஊசி,
முழங்காலால் ஓட்டுகிறாள்.
பேருந்தின் உயரத்திலிருந்து பார்ப்பதால்
எனக்குத் தெரியும். சொன்னதில்லை.

இந்தச் சாலையிலேயே நல்ல விரல்
கிளெம் நோஸ்கேயுடையது.
அவசரப்படாது. தூரத்திலேயே எழுந்துவிடும்,
வெயிலோ புழுதியோ, யார் என்று கூடப் பார்க்காமல்.
பார்த்தது ஒரே ஒருவரைத்தான்:
லெஸ் டிராகரை.
வேலி என்பார்கள் சிலர்,
இரவல் போய்த் துருவோடு திரும்பிய விதைப்பெட்டி என்பார்கள் சிலர்.
பதினோரு வருடம்,
அந்த இரண்டு பிக்கப்பும் கடக்கும்போது
நான்கு கைகள் ஸ்டியரிங்கில் ஆணியடித்தது போல் இருக்கும்.

போன அறுவடையில்
கோதுமை ஏற்றும் திருகுக்குழாய் எடுத்துக்கொண்டது
கிளெமின் வலது ஆட்காட்டி விரலை, அடியோடு.
விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லை அது,
முழங்கை வரை போனது.
ஏழாவது வாரம் சாலைக்கு வந்தார்.
என்னைப் பார்த்ததும் கை பழக்கத்தில் முயன்றது.
இல்லாத விரலும் எழுந்திருக்கும், சந்தேகமில்லை.
தெரிந்தது பக்கத்து விரல்தான்,
நட்டுக்குத்தலாக,
பத்தொன்பது பிள்ளைகள் பார்க்க.

பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள்.
பத்தொன்பது பேரும் ஜன்னலுக்கு ஓடி
பதில் வணக்கம் சொன்னார்கள்,
சிலர் இரண்டு கையாலும்.
அன்று மாலை தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினேன்:
"மேற்படி சைகை வாழ்த்தாகவே கருதப்பட வேண்டும்.
இப்படிக்கு, ரேலீன் ஹூபர், ஓட்டுநர்."

பாதிரியார் ரேடியோவைத் திருகுவது போல் குனிந்துகொண்டார்.
மெல்பர்னிலிருந்து வந்த ஒரு கேரவன்
அரை கிலோமீட்டர் பின்னோக்கியே வந்தது, நியாயம் கேட்க.
ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினார் கிளெம்.
அந்த அம்மாள் அழுதுவிட்டாள்.
பாதி கேக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை.
தானியக் கிடங்கருகே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நின்றிருந்தேன்.
அந்தப் பக்கம் லெஸ், இந்தப் பக்கம் கிளெம்.
கிளெமின் விரல் எழுந்தது.
அந்த விரல்.
லெஸ் பிரேக்கை மிதித்தார்.
புழுதி முன்னே போய், திரும்பி வந்து,
இரண்டு வண்டி மேலும் படிந்தது.

பதினோரு வருடக் கோபமா,
பதினோரு வருடம் தராத வணக்கமா?
கிளெமின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
விரல் மட்டும் நின்றது, இறங்க வழி தெரியாமல்.
பின்சீட்டில் யாரோ விக்கினார்கள்.

லெஸ் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்,
கடையில் கையுறை வாங்குகிறவர் போல.
இடது கையால்
ஆட்காட்டி விரலைப் பிடித்து மடக்கினார்.
மற்றதையும் மடக்கினார்.
மிஞ்சியதைக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை.
கியர் விழும் சத்தம், முதலில் ஒன்று, பிறகு ஒன்று.

வணக்கமா வசையா என்று
மவ்ரீன் என்னிடம் கேட்டாள், ஊசியை நிறுத்தாமல்.
அதை நான் எப்படிச் சொல்ல?
வேலி அப்படியே இருக்கிறது.
விதைப்பெட்டியும் கொட்டகையில் துருப்பிடிக்கிறது.
தினமும் காட்டிக்கொள்கிறார்கள்.
லெஸ்ஸுக்கு ஐந்து விரலும் இருக்கின்றன,
மழையிலும்கூட மறக்காமல்
ஒன்றை மடக்கிக்கொள்கிறார்.